பதினெட்டுக் குண்டுகள்

குளச்சல் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு ஒரு யுத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். 1741-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை இந்தக் கடற்கரையில் முறியடித்தது. டிலனாய் என்ற அவர்களுடைய தளபதி பிடிபட்டான். பிடிபட்டவனே பிறகு திருவிதாங்கூர் சேனைக்குப் பயிற்சி கொடுத்துப் பெரிய படைத்தலைவனாகி, 1777-ல் காலமாகி, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறான். கடற்கரையில் வெற்றித் தூண் ஒன்று நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள்.

பீரங்கிக் குண்டுகளுக்குத் தூண் இருக்கிறது. ஆனால் இந்த ஊரிலிருந்து கிழக்கேயும் வடக்கேயும் எத்தனையோ வருஷங்கள் மீன் சுமந்து போன வேறு குண்டுகள் உண்டு. கால் அங்குலக் குறுக்களவு. ஒரு பக்கத்துக்கு 9, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 18. சைக்கிளின் பின் சக்கரத்து ஹப்புக்குள் கிரீஸில் புதைந்து கிடக்கும் எஃகு உருண்டைகள். சிறுவர்கள் 'பால்ரஸ்' என்று பெயர் வைத்துக் கோலியாட்டத்துக்குத் திருடுவார்களே, அவைதாம். இவற்றுக்கு யாரும் தூண் நடவில்லை. நடச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பதினெட்டில் ஒன்று உடைந்தால் ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிவது சந்தேகமாகிவிடும் என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஹப் என்பதற்குத் தமிழில் வார்த்தை இல்லாமலில்லை. மாட்டு வண்டிக்காரரைக் கேட்டால் 'குடம்' என்பார். ஆரக்கால்கள் வந்து குத்தி நிற்கும் அந்தப் பருத்த மரத்துண்டு பார்ப்பதற்கும் குடம் மாதிரிதான் இருக்கும். பழைய நூல்களில் குறடு என்ற பெயரும் உண்டு. குடத்துக்கு நடுவே இரும்பு அச்சு. அச்சுக்கும் குடத்துக்கும் இடையே மை. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்க விட்டிருப்பார்கள். சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, மையைப் பூசி மறுபடி ஏற்றுவார்கள். இதுதான் நம்முடைய முதல் ஹப் வைத்தியம்.

அச்சு முறியும் பயமும் பழையதுதான். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கணக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றில் ஔவையார் சொல்லியிருப்பது. உப்பு வண்டிக்காரர்கள், உமணர்கள், மேடு பள்ளமெல்லாம் போக வேண்டியவர்கள். வழியில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்துக் கொண்டு புறப்படுவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவை. அரசனைச் சிங்கம் என்றும் சூரியன் என்றும் புகழ்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு, 'நீ மாற்று அச்சு ஐயா' என்று ஒரு கிழவி சொன்னது எவ்வளவு பெரிய பாராட்டாகப் படுகிறது! உப்பு, சுமை, கரடுமுரடான பாதை, முறியும் அச்சு. குளச்சல் மீன்காரருடைய கதையும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

மாட்டு வண்டியில் அச்சின்மேல் குடம் உரசிக் கொண்டே சுற்றுகிறது. மாடு இழுப்பதனால் அந்த உரசல் நமக்குத் தெரிவதில்லை. மனிதன் தன் சொந்தக் காலால் மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் உரசலின் விலை தெரிந்தது. பாரிஸ் நகரத்தில் ஸூரிரே என்ற சைக்கிள் தயாரிப்பாளர் 1869-ல் குண்டுகள் வைத்த அச்சுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். குண்டுகளை உருட்டித் தேய்க்கச் சிறைக் கைதிகளை உபயோகித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதே வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி பாரிஸிலிருந்து ருவான் வரை சுமார் 123 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடந்தது. ஜேம்ஸ் மூர் என்ற இங்கிலீஷ்காரர் பத்தே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஓட்டி முதலாவதாக வந்தார். அவருடைய சைக்கிளில் இருந்தது அந்தக் குண்டு வைத்த அச்சு. உரசுவதை உருளுவதாக மாற்றிவிட்டால் மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு உலகம் பார்த்த முதல் பெரிய சாட்சி இதுதான்.

ஆனால் கையால் தேய்த்த குண்டு ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். பத்துப் பேர் தூக்க வேண்டிய பல்லக்கில் ஒருவன் மட்டும் உயரமாக இருந்தால் என்ன ஆகும்? அவன் தோள்தான் இறங்கும். அதே மாதிரி, பெரிய குண்டு ஒன்றே எல்லாப் பாரத்தையும் வாங்கி முதலில் நசுங்கும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஊரைச் சேர்ந்த பிரிட்ரிஷ் ஃபிஷர். 1883-ல் எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாகத் தேய்த்துத் தரும் யந்திரம் ஒன்றை அவர் செய்தார். அதே ஊருக்கு எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் என்ற சைக்கிள் பந்தயக்காரர் வந்து சேர்ந்தார். 1895-ல் கூட்டாளி ஒருவரோடு ஹப் தொழிற்சாலை ஆரம்பித்தார். 1903-ல் 'டார்பிடோ' என்ற ஹப்பை உலகத்துக்குக் கொடுத்தார். மிதிக்காமலிருந்தால் சக்கரம் தானே ஓடும். பின்பக்கம் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும்.

ஷ்வைன்ஃபுர்ட்டின் கதை அங்கே நிற்கவில்லை. சைக்கிளுக்காகப் பிறந்த குண்டு, மோட்டாருக்குப் போய், விமானத்துக்குப் போய், கடைசியில் யுத்தத்துக்கே அவசியமாகிவிட்டது. 1943-ல் அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன ஊரைத் தேடி இரண்டு தடவை குண்டு போட்டன. அக்டோபர் 14-ஆம் தேதி ஒரே நாளில் 60 விமானங்கள் திரும்பி வரவில்லை. கால் அங்குலக் குண்டுகளை ஒழிக்கப் போனதற்கு அது விலை.

துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் இருக்கும் சொந்தம் இதோடு முடியவில்லை. நம் ஊரில் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லும் பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்துக்கு விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி ஆரம்பித்த கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியதுதான் அவர்களுடைய முத்திரை. யுத்தம் இல்லாத காலத்தில் துப்பாக்கி விற்காது. பட்டறையும் ஆட்களும் சும்மா இருக்க முடியுமா? துப்பாக்கிக் குழலைத் துளைக்கும் கை ஹப்பையும் துளைத்தது. ஜப்பானில் ஸகாய் என்ற ஊரும் இப்படித்தான். வாளும் துப்பாக்கியும் செய்த கொல்லர்களின் ஊர் அது. அங்கே 1921-ல் ஷிமானோ ஷோஸாபுரோ ஒரு சிறு பட்டறை வைத்தார். அவர் முதலில் செய்து விற்ற சாமான் சைக்கிளின் ப்ரீவீல். அந்தப் பெயர் இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் மறுபடி வரும்.

நம் நாட்டில் வெகு காலம் சைக்கிள் என்றால் சீமைச் சரக்கு. சுதந்திரத்துக்குப் பிறகுதான் பெரிய அளவில் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். சென்னைக்கு அருகே அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூடி 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸை ஸ்தாபித்தார்கள். ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. பின்னாளில் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.யும். வடக்கே ஸோனிபட்டில் 1951-ல் அட்லஸ். லூதியானாவில் 1956-ல் ஹீரோ. லூதியானாவின் சந்துகளில் கோன், கப், அச்சு, நட்டு என்று தனித் தனியாகச் செய்கிற பட்டறைகள் எத்தனையோ முளைத்தன. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை 2020-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி வேலையை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம். கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் 'இது கொஞ்சம் மிகை' என்று அடித்து விடுவார்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ராஜ்யம் மாறினாலும் குளச்சல் கடற்கரையில் விடியற்காலை ஏலம் மாறவில்லை. வள்ளமும் கட்டுமரமும் கரை சேரும். சாளையும் நெத்திலியும் அயிலையும் மணலில் குவியும். அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் இல்லாத வெயிலில் மீனுக்குச் சில மணி நேரம்தான் ஆயுசு. முன்பெல்லாம் பெண்கள் கடகத்தைத் தலையில் வைத்துக் கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவர்களால் போக முடிந்த தூரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. சைக்கிள் வந்ததும் அந்த எல்லை விலகியது. காரியரில் பெரிய பெட்டியைக் கட்டிக் கொண்டு ஆண்கள் திங்கள்சந்தைக்கும் தக்கலைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். தலைச்சுமைக்காரி போய்ச் சேரும்போது சைக்கிள்காரர் வியாபாரத்தை முடித்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருப்பார். இதில் பெண்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லாமல் சைக்கிளின் பெருமையை மட்டும் பாடுவது நியாயமாகாது.

இனி அந்தப் பெட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பின் சக்கரத்துக்கு நேர் மேலே. மீனிலிருந்தும் ஐஸிலிருந்தும் வடியும் உப்பு நீர் எங்கே சொட்டும்? சொட்டிச் சொட்டிக் கம்பிகள் வழியாக இறங்கி ஹப்பின் இரண்டு வாயிலும் நுழையும். குண்டு செய்யும் எஃகு கடினமானதே தவிர, துரு ஏறாததல்ல. அதில் குரோமியம் சுமார் ஒன்றரை சதவிகிதம்தான். துருப்பிடிக்காத எஃகுக்கு அதைப் போல ஏழெட்டு மடங்கு வேண்டும். ஆகவே உப்பு நீர் போனால் குண்டின் மேல் முதலில் ஒரு கரும்புள்ளி விழும். புள்ளி குழியாகும். குழி விழுந்த குண்டு உருளுவதை விட்டுவிட்டுக் குதிக்க ஆரம்பிக்கும்.

உப்பு போதாதென்று மணல். குளச்சல், மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி உலகத்துக்கே தெரியும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக் கொண்டிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்துத் தேடிக் கொண்டு வந்தார். அதிலிருந்து கிடைக்கும் தோரியம் அன்றைக்குப் பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கு வேண்டியிருந்தது; பிற்காலத்தில் அணுசக்திக்காரர்கள் அதன்மேல் கண் வைத்தார்கள். மத்திய அரசின் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஸ்தாபனம் மணவாளக்குறிச்சியில் மணலை அரிப்பது அதனால்தான். மோனசைட்டை விடுங்கள், அதே மணலில் இல்மனைட், ஸிர்கான், கார்னெட் எல்லாம் கலந்திருக்கின்றன. தச்சர்கள் மரத்தை வழவழப்பாக்கத் தேய்க்கும் உப்புத்தாளில் ஒரு வகை கார்னெட்டைப் பொடி செய்து ஒட்டியதுதான். ஸிர்கான் அதையும்விடக் கடினம். இந்த மணல் கிரீஸோடு கலந்து குண்டுகளுக்கு நடுவே போனால் அதற்குப் பெயர் மசகு அல்ல, சாணைச் சாந்து. ஒவ்வொரு சுற்றிலும் ஹப் தன்னைத் தானே சாணை பிடித்துக் கொள்ளும். உலகமெல்லாம் விலை கொடுத்து வாங்கும் மணல் ஒரு மீன்காரரின் ஹப்புக்குள் இலவசமாகப் போய் அவரைக் கடன்காரராக்கியது!

1990களின் நடுவில் குளச்சல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நான் பொழுது போக்கியது உண்டு. கடைக்காரரை எல்லோரும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் யாருடைய சைக்கிளையும் உடனே தொடமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். ஒரு நாள் மீன்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்தார்.

"காக்கா, பின் வீலு கெடந்து கரையுது."

"மிதிக்கும்போ கரையுதா, சும்மா எறங்கும்போ கரையுதா?"

"ரெண்டுக்கும்தான்."

"பெட்டி இல்லாம?"

"பெட்டி இல்லேண்ணா கொஞ்சம்போல."

"அப்பம் பிரீவீலு இல்ல, செயினும் இல்ல. கோனு போச்சு மக்கா. கழத்து."

கரைவது என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் அழுவது. நமக்குக் கரைவது என்றால் தேய்ந்து போவது. அந்தச் சக்கரத்துக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது. சாமர்த்தியமான வைத்தியர் நாடியைப் பிடிப்பதற்கு முன்பே பாதி நோயைக் கேள்வியால் கண்டுபிடித்து விடுவார் என்பார்கள். காக்காவின் மூன்று கேள்விகளும் அப்படிப்பட்டவை. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கோளாறு செயினிலோ பெடலிலோ நடு அச்சிலோ இருக்கலாம். மிதிப்பதை நிறுத்திய பிறகும் வந்தால் சுற்றிக் கொண்டிருப்பது சக்கரம் மட்டுமே. ஆகவே குற்றவாளி பின்னால் இருக்கிறான். சுமை ஏற ஏறச் சத்தமும் ஏறினால் குண்டு ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கிறது.

அப்புறம்தான் கை வேலை. சைக்கிளை நிறுத்திவைத்துப் பின் சக்கரத்தின் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். 'டக் டக்' என்று ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைத் தூக்கி மெதுவாக விடுவார். நல்ல ஹப் என்றால் ட்யூபின் வால்வு இருக்கிற பக்கம், அது கொஞ்சம் கனம் ஆனபடியால், தானாகக் கீழே இறங்கி, ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி, ஓயும். சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம். சுற்றும்போது சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு கையில் தெரியும். காதுக்கு எட்டாதது கைக்கு எட்டும். இன்னொரு பரீட்சை உண்டு: சக்கரத்தை வெளியே எடுத்து அச்சை மட்டும் விரலால் சுற்றுவது. அச்சின் முனை ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால் அச்சு வளைந்திருக்கிறது. வளைந்த அச்சைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டால் காக்காவுக்குக் கோபம் வந்துவிடும். நிமிர்த்தலாம், இறக்கத்தில் பெட்டியோடு போகும்போது அது மறுபடி வளையாது, முறியும்.

கோனைக் கழற்றிப் பார்த்தால் வேடிக்கையான ஒரு விஷயம் தெரியும். அதன் பளபளப்பான சரிவைச் சுற்றிலும் தேய்வு இருக்காது. ஒரு பக்கத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். காரணம் இதுதான். ஹப்புக்குள் இருக்கும் கப் சக்கரத்தோடு சுற்றுகிறது. அதனால் பாரம் அதன் உடம்பெல்லாம் பகிர்ந்து போகிறது. கோன் அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறது. ஆகவே எத்தனை வருஷமானாலும் பாரம் விழுவது அதன் கீழ்ப்பக்கத்தில் மட்டும்தான். குடும்பத்தில் அசையாமல் நிற்கிற மனிதன் தலையிலேயே எல்லாம் விழுகிற மாதிரி. புதுக் கோனுக்குக் காசில்லாதவருக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. அச்சை அரைச் சுற்று திருப்பிப் பூட்டிவிட்டால் தேயாத பக்கம் கீழே வந்துவிடும். கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் மீன் விற்றுக் காசு சேர்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

சரியான வைத்தியம் என்றால் இப்படி. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவித் துடைத்துவிட வேண்டும். கப்பை விளக்கொளியில் பார்க்க வேண்டும். அதில் குழி விழுந்திருந்தால் தட்டி எடுத்துப் புதிது அடிக்க வேண்டும். குண்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தாலும் பதினெட்டையும் மாற்றுவதே உத்தமம். பல்லக்குத் தூக்கி உவமையை முன்பே சொல்லிவிட்டேன். கப்பில் புதுக் கிரீஸைத் தடவி, அதில் ஒன்பது குண்டுகளை ஒட்டி வைத்து, கோனை விரலாலேயே முடுக்கி, பிறகு பூட்டு நட்டைப் போட வேண்டும். கை தேர்ந்தவரைத் தேறாதவரிடமிருந்து பிரிப்பது இந்தக் கட்டம்தான். கோனை இறுக்கினால் குண்டு நசுங்கும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி இடம் இருக்கிறது. பூட்டு நட்டை முடுக்கும்போது கோன் தானும் கொஞ்சம் உள்ளே போகும். அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே ஒரு நூலளவு தளர்த்தி வைக்க வேண்டும். சக்கரத்தில் மிகச் சிறிய ஆட்டம் தெரிய வேண்டும். வண்டியில் பூட்டி வெளி நட்டை இறுக்கியதும் அது மறைந்துவிட வேண்டும். இதற்கு அளவுகோல் கிடையாது. கைதான்.

மொத்த வேலைக்கும் ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் ஓவராயில். ஓவர்ஹால் என்ற இங்கிலீஷ் வார்த்தை எண்ணெயில் முங்கி எழுந்து ஓவராயில் ஆகிவிட்டது. தமிழன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் இல்லாமல் அந்த வேலை ஏது?

ப்ரீவீல் சமாசாரம் தனி. பின் பல்சக்கரத்தின் வயிற்றுக்குள் இரண்டு சின்ன நாக்குகள், அவற்றை வெளியே தள்ள மயிரிழை போன்ற வில். முன்னே மிதித்தால் நாக்கு பல்லில் கவ்வும். மிதிப்பதை நிறுத்தினால் 'கிர்ர்' என்று பல்லின்மேல் தாவிக் கொண்டே போகும். இறக்கத்தில் நாம் கேட்கிற அந்த இனிமையான சத்தம் இதுதான். உப்பு நீர் போனால் நாக்கு ஒட்டிக் கொள்ளும். உள்ளே ஒட்டிக் கொண்டால் மிதி வெறும் காற்றில் போகும். ஏற்றத்தில் பெட்டியோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். வெளியே ஒட்டிக் கொண்டால் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் நிற்காமல் சுற்றும். இதற்குக் கெட்டிக் கிரீஸ் உதவாது. கிரீஸே நாக்கை ஒட்டிவிடும். மண்ணெண்ணெயில் அலசி, மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விடவேண்டும். திறப்பதென்றால் அதன் மூடி இடது மரை. எல்லாத் திருகையும் போலத் திருப்பப் போனால் இன்னும் இறுகும். திறந்ததும் கடுகு மாதிரிச் சின்னக் குண்டுகள் திண்ணையெல்லாம் ஓடும். பொறுக்கிச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இப்போது குளச்சலில் சிறுவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் கியர் சைக்கிள். தடித்த டயரும் நேர் ஹாண்டில்பாருமாக இருக்கும் 'மவுண்டன் பைக்' என்ற மலைச் சைக்கிள். ஊரில் மலை இல்லையே என்று கேட்கக் கூடாது. இந்த மலைச் சைக்கிளின் பிறப்பே ஹப் கெட்டுப்போன கதைதான் என்பது அதை ஓட்டுகிற பையன்களுக்குத் தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்த பழைய பருத்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் வாங்கி, மலையுச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மண் பாதையில் உருண்டு இறங்குவதை விளையாட்டாக வைத்திருந்தார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். ஜெர்மனியின் டார்பிடோவுக்கு அமெரிக்கப் பங்காளி. ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் இறக்கம். இரண்டு மைலுக்குச் சற்று மேல் தூரத்தில் சுமார் 400 மீட்டர் கீழே இறங்கும். வழியெல்லாம் பிரேக் பிடித்துக் கொண்டே வந்தால் ஹப் பழுக்கக் காய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கீழே வந்ததும் ஹப்பைத் திறந்து புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு அவர்கள் பாஷையில் 'ரீபாக்'. அந்தப் பாதைக்கே ரீபாக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ் என்று அந்தப் பாதையில் கூடியவர்கள்தாம் பிற்காலத்தில் மலைச் சைக்கிளை உருவாக்கிய பேர்வழிகள். 1977-ல் ப்ரீஸ் இந்த ஓட்டத்துக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். மலைச் சைக்கிள் பிறந்த பாதைக்கு இருக்கிற பெயர், நம் பாஷையில் சொன்னால், 'ஓவராயில் ரோடு'!

ஹப் பிரேக்கை விட்டார்கள், கியர் வைத்தார்கள். ஒரு பல் இருந்த இடத்தில் ஐந்தும் ஆறும் ஏழும் வந்தன. அத்தனை பற்களுக்கும் இடம் வேண்டுமே. ஆகவே ஹப் இடது பக்கம் ஒதுங்கியது. வலது பக்கக் குண்டுகள் சைக்கிள் சட்டத்தைவிட்டு வெகு தூரம் உள்ளே தள்ளிப் போய்விட்டன. நடுவே தாங்குவார் இல்லாமல் அச்சு நீட்டிக் கொண்டிருந்தது. நீட்டிய கழியின்மேல் பாரம் ஏற்றினால் அது எங்கே முறியும் என்று சொல்லப் பொறியியல் படிக்க வேண்டாம். மலைச் சைக்கிள்களின் பின் அச்சு வலது கோனுக்குப் பக்கத்தில் மறுபடி மறுபடி முறிந்தது.

இதற்குப் பரிகாரம் செய்ததில்தான் ஸகாய் பட்டறையின் பெயர் திரும்ப வருகிறது. ப்ரீவீலை ஹப்பின்மேல் திருகி மாட்டுவதை விட்டு, ஹப்பின் ஒரு பகுதியாகவே அதைச் செய்து, வலது குண்டு வரிசையைப் பற்களுக்கு அடியில், சட்டத்தின் ஓரத்துக்கே கொண்டுபோய் வைத்தது ஷிமானோ, வருஷம் 1978. இதே யோசனை பர்மிங்ஹாமில் ஒரு கம்பெனிக்கு 1930களிலேயே தோன்றியிருந்தது. ஆனால் அப்போது உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் நல்ல மலைச் சைக்கிள்களில் அச்சு முறிவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

நல்ல சைக்கிள்களில் என்று சொன்னேன். குளச்சல் பையன்களுக்கு அப்பா வாங்கித் தருகிற விலை குறைந்த கியர் சைக்கிளில் இன்றும் இருப்பது பெரும்பாலும் பழைய திருகு ப்ரீவீல்தான். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே பளபளக்கும், விஷயம் உள்ளே. சக்கரம் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து பிரேக் கட்டையில் உரசுகிறதா? கியர் தானாகத் தாவுகிறதா? கம்பிகளில் கோட்டம் எடுத்தும் குணமாகவில்லையா? அப்படியானால் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அச்சு இரண்டு துண்டாகக் கையில் வரும். ப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று பல் வைத்த சாவி உண்டு. சாவியை வைஸில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, ரிம்மை பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி இடது பக்கம் திருப்ப வேண்டும். உப்புக் காற்றில் இரண்டு வருஷம் நின்ற ப்ரீவீல் என்றால் இரண்டு ஆள் வேண்டும். புது அச்சு, புதுக் கோன்கள், குண்டுகள் எல்லாம் சேர்த்தும் பெரிய செலவில்லை. ஆனாலும் சில கடைகளில் 'ஹப் போச்சு, வீலையே மாத்திரலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். மாற்றுவதற்குக் கால் மணி. திறந்து பார்ப்பதற்கு ஒரு மணி. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன? திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார இன்று யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆனால் மாற்றிய புது வீலிலும் அதே அச்சு அதே நீளத்துக்கு நீட்டிக் கொண்டுதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தபோது எத்தனை சைக்கிள்கள் போயின என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மனிதர்களை எண்ணுவதற்கே கை நடுங்கிய நேரம் அது. கடல் நீர் புகுந்த ஹப்பை இரண்டு மூன்று நாளைக்குள் திறந்து கழுவாவிட்டால் குண்டுகள் கப்போடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அந்த இரண்டு மூன்று நாட்களில் குளச்சலில் யாருக்கு ஹப் ஞாபகம் இருந்திருக்கும்?

மீன்காரர்கள் இப்போது சைக்கிளில் போவது அபூர்வம். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டது, அதுவும் அதன் வாரிசுகளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சுமையை வாங்கிக் கொண்டன. காலால் மிதித்து ஏறிய ஏற்றங்களை இப்போது பெட்ரோல் ஏறுகிறது. ஓலைப் பெட்டி போய் பிளாஸ்டிக் பெட்டி வந்திருக்கிறது. ஐஸும் தாராளமாகப் போடுகிறார்கள். பெட்டியைக் கட்டுகிற இடம் மட்டும் பின் சக்கரத்துக்கு நேர் மேலேதான். உப்பு நீரும் அங்கேதான் சொட்டுகிறது.